பொட்டிக்கு வாடகை வேண்டாம்

பாருங்க, நல்லாவே பாருங்க. பஸ் ஸ்டாண்டு சுவத்துல பாத்த அதே மூஞ்சிதானுங்க. நீங்க போஸ்டரையும் என்னையும் மாத்தி மாத்திப் பாத்துட்டு, படியில ஒரு காலை வெச்சு ஏறலாமா வேண்டாமான்னு நின்னதை நானும் கவனிச்சேன். பயப்படாதீங்க. கையத் தொட்டு வேணும்னாலும் பாருங்க, சூடு இருக்குது. சித்தத் தள்ளி உக்காருங்க, நானும் முத்தூர் வரைக்கும்தான் போறேன்.

நான் பொங்கியண்ணனுங்க. காங்கேயத்துல பொங்கியண்ணன் பந்தல் ஸ்டோர்ஸுன்னு கேட்டா யாரு வேணா சொல்லுவாங்க. பந்தலு, சேரு, பாத்தரம், சீரியல் லைட்டு எல்லாம் வாடகைக்கு உடறேன். கல்யாணத்துக்கும் நாந்தான், எழவுக்கும் நாந்தான். பொணத்தை வெக்கற ஐஸ் பொட்டி எங்க பக்கம் மொத மொதல்ல வாங்குனது நானுங்க. அந்தப் பொட்டியிலதான் இத்தனை வெனையும் ஆரம்பிச்சுது. கேக்கறீங்களா? பஸ்ஸு போற போக்குக்கு நேரம் கெடக்குது, கேளுங்க.

எங்க வீதி ரத்தினசாமி வாத்தியாரு பையன் பூபேசு. மெட்ராசுல கம்ப்யூட்டர் கம்பெனியில நல்ல உத்தியோகத்துல இருந்தான். அதை உட்டுப்போட்டு, சொந்த ஊருலயே படம் எடுக்கறேன்னு வந்து நின்னான். கம்பெனிப் படமில்லீங்க, இண்டிபெண்டன்ட் படமாமா. அப்படின்னா என்ன சாமின்னு கேட்டேன். யாரையும் நம்பாம நாமளா எடுக்கறது மாமான்னான். அவங்கய்யன் கிட்ட விசாரிச்சேன், யாரும் நம்பலைன்னாரு. ரெண்டும் ஒண்ணுதான்னு நான் உட்டுட்டேன்.

அவன் எங்கிட்ட வந்தது ஐஸ் பொட்டி கேக்கறதுக்குங்க. படத்துல கதையே ஒரு எழவு ஊடுதானாமா. காத்தால ஒருத்தன் செத்துப் போறான், பொழுதோட எடுத்துட்டுப் போறாங்க, அதுக்குள்ள அந்த ஊட்டுல நடக்கறதுதான் படம். பாட்டு உண்டான்னு கேட்டேன், இல்லைன்னான். சண்டை? அதுவும் இல்லை. அப்ப படத்துல மொதல்ல இருந்து கடைசி வரைக்கும் யாருப்பா இருக்கறதுன்னேன். பொணம் மாமான்னான். மொதல்ல இருந்து கடைசி வரைக்கும் இருக்கறவன்தானுங்க ஹீரோ? எனக்கு அது உடனே வெளங்கிருச்சு, படம் எடுக்கறவனுக்கு வெளங்கல. அவன் பொணத்துக்கு யாரையாச்சும் படுக்க வெச்சுக்கலாம்னு அசட்டையா இருந்தான்.

பொட்டிக்கு வாடகை வேண்டாம், சேருக்கும் பந்தலுக்கும் வாடகை வேண்டாம், உள்ள படுக்கறது நானுன்னு சொல்லிட்டேன். அவன் யோசிச்சான். மாமா, நீங்க சித்தப் பேசுவீங்களேன்னான். பேசறவன் செத்தாத்தான்டா ஊருக்குச் செத்தது தெரியும், பேசாதவன் செத்தா யாருக்குத் தெரியும்னேன். சரின்னு தலைய ஆட்டிட்டான். எனக்கு வயசு அறுபது ஆகப்போகுது, இதுவரைக்கும் ஊருல நடந்த அத்தனை விசேசத்துக்கும் பந்தல் போட்டிருக்கேன், ஒண்ணுலயாவது மேடையில ஏறியிருக்கேனுங்களா? கட்டி முடிச்சதும் பொறகால போயி நின்னுக்கோணும். இந்த ஒரு படத்துலயாவது நாலு பேரு என்னையப் பாக்கோணும்னு ஆசைங்க, மறைக்கறதுக்கு என்ன இருக்குது.

மொத ரிகர்சல்ல பொட்டிக்குள்ள படுத்தேன். மூக்குல பஞ்சு வெச்சு, தாடைய வேட்டித் துணியில கட்டி, நெத்தியில காசு ஒட்டி, எல்லாம் முறையாத்தான். சித்த நேரத்துல பொட்டிக் கண்ணாடி பூரா ஆவி புடிச்சுருச்சு. பொணம் மூச்சு உடுது மாமான்னு கேமராக்காரன் கத்தறான். சரி, பொட்டி வேண்டாம்னு பெஞ்சுல போட்டாங்க. அங்க படுத்திருக்கறப்ப ஒரு புள்ளை அழுதுட்டே சேரைத் தரையில தறதறன்னு இழுத்தா. கண்ணை மூடிட்டே, அம்மிணி தூக்கி வெய்யி, கால் ஒடஞ்சிரும்னு சொன்னேன். என்ற கடைச் சேருங்க, நான் சொல்லாம யாரு சொல்லுவா? அடுத்த ரிகர்சல்ல ஒப்பாரி வெக்கற பொம்பளைங்க பாட்டை மாத்திப் பாடுனாங்க, புருசனுக்குப் பாடறதை அண்ணனுக்குப் பாடுனாங்க. அதைத் திருத்துனேன். பூபேசு தலையில கைய வெச்சுட்டு உக்காந்துட்டான்.

கடைசியில சொல்லிட்டான். சனிக்கெழம ஒரு ரிகர்சல், சீன் முடியற வரைக்கும் நீங்க கம்முனு படுத்திருந்தா ரோலு உங்களுது, அசைஞ்சீங்கன்னா வேற ஆளைப் பாத்துக்கறேன் மாமா, கோவிச்சுக்கக் கூடாதுன்னான். கம்முனு இருக்கறதெல்லாம் ஒரு வேலையான்னு நெனச்சேன். ஊட்டுல பழகுனேன். நடுக்கூடத்துல படுத்துக்குவேன், எங்கூட்டுக்காரி என்னையத் தாண்டிப் போயிட்டு வந்துட்டு இருந்தா. தாண்டறப்ப எல்லாம் ஒரு வசவு வெப்பா, அதுக்கும் நான் அசையல.

இதுக்கு நடுவுலதானுங்க போஸ்டர் வேலை வந்துது. எழவு ஊட்டுச் சுவத்துல கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ரெண்டு ஒட்டோணும்னு பூபேசு சொன்னான். கதையில செத்தவன் பேரு மணிவாசகம். பிரசுக்கு நான் போறேன்னு வாங்கிட்டுப் போனேன். அங்க போயிப் பாத்தா எனக்கு மனசு ஒப்பல. சாகறது நானு, மூஞ்சி என்றது, பேரு மட்டும் எவனோ ஒருத்தனுதுன்னா அது நாயமுங்களா? என்ற பேரையே போடச் சொன்னேன். ஊட்டி டூருல கூலிங் கிளாசோட எடுத்த போட்டோ ஒண்ணு இருந்துச்சு, அதைக் குடுத்தேன். கீழ, ஆழ்ந்த வருத்தத்துடன்னு ஒரம்பரை பேரெல்லாம் போட்டோம். மகன், மருமகன், மச்சான், பங்காளி, ஒருத்தரையும் உடல. என்ற தம்பி ஒருத்தனைத் தவுத்து.

ஆமாங்க, எனக்கு ஒரு தம்பி இருக்கறான். தங்கமுத்து. முத்தூர்லதான் அவனுக்குக் காடு தோட்டமெல்லாம். அவம் புள்ளைக்குக் கல்யாணம் வெச்சப்ப பத்திரிகை அடிச்சான் பாருங்க, அதுல ஊரு ஒலகத்துல இருக்கற பேரெல்லாம் இருந்துச்சு, மில்லுக்காரன் பேரு இருந்துச்சு, சொசைட்டி செக்ரட்டரி பேரு இருந்துச்சு, கூடப் பொறந்த அண்ணன் என்ற பேரு இல்லை. புள்ளைக்குப் பெரியப்பன் நானு. கேட்டதுக்குப் பிரஸ்காரன் உட்டுட்டான்னான். அன்னிக்கிருந்து பேச்சு வார்த்தை இல்லை, வருசம் பல ஆச்சு. கல்யாணத்துக்கும் நான் போகல. நான் எதையும் மனசுல வெச்சுக்கற ஆளு இல்லீங்க. போஸ்டர்ல எடம் பத்தலை, அதான் அவன் பேரை உட்டுட்டேன்.

ரெண்டு போஸ்டருக்கெல்லாம் மெசினு ஓட்ட முடியாதுன்னு பிரஸ்காரன் ஒரு கட்டு அடிச்சுக் குடுத்துட்டான். பூபேசு என்ன சொல்லியிருந்தான்னா, புதுசா இருக்கக் கூடாது மாமா, வெயில்ல காஞ்சு, மழையில நனைஞ்சு, நெசமா சுவத்துல இருந்த மாதிரி இருக்கோணும்னான். நெசமா சுவத்துல இருந்த மாதிரி இருக்கோணும்னா நெசமா சுவத்துல ஒட்டறதத் தவுத்து வேற வழி என்ன இருக்குது? பசை காச்சிப் பஸ் ஸ்டாண்டு, சந்தைப்பேட்டை, உரக்கடைச் சுவரு எல்லாம் ஒட்டுனேன். நாலு நாள் காயட்டும், அதுல நல்லதா ரெண்டு உரிச்சுக்கலாம்னு திட்டம். மிச்சத்தை வெள்ளிக்கெழம ராத்திரி முத்தூருக்குக் கொண்டு போயி ஒட்டுனேன். அங்க வெயிலு எச்சுங்க. என்ற தம்பி ஊட்டுக்கு எதிர்ல ஒரு சுவரு இருக்குது, அதுல காலையில இருந்து பொழுதோட வரைக்கும் நேரா அடிக்கும். அதுக்காகத்தான் அங்க மூணு ஒட்டுனது.

சனிக்கெழம வந்துச்சு. என்ற குடோனுக்கு முன்னாடிதான் ரிகர்சல். நான் பெஞ்சுல படுத்தாச்சு. தம்பி ஒருத்தன் ஓடியாந்து அண்ணன் பொணத்து மேல உழுந்து அழுகற சீனு. அந்தத் தம்பி ரோலுக்கு ஈரோட்டுல இருந்து நாடகக்காரரு ஒருத்தரு வர்றதா ஏற்பாடு. அவரு மூஞ்சிய யாரும் பாத்ததில்லை, போன்ல பேசுனதுதான். அவரு வர்றதுக்குள்ள வாசல்ல வேனு வந்து நின்னுது. ஒரம்பரைங்க. போஸ்டரைப் பாத்துட்டு மாலை, கோடித் துணியோட ஒரு வேனு ஆளுக எறங்கறாங்க. எங்கூட்டுக்காரி தட்டத்துல டீயத் தூக்கிட்டு எதுக்க வர்றா, அவளக் கட்டிப் புடிச்சு அழுக ஆரம்பிச்சுட்டாங்க. டீயெல்லாம் கொட்டிப் போச்சு. அவரு நல்லாத்தான் இருக்கறாரு, சினிமாவுக்குப் படுத்திருக்காருன்னு சொல்றா, பாவம், அதிர்ச்சியில பொலம்பறான்னு நெனச்சு இன்னும் எச்சா அழுகறாங்க. வெளங்குனதுக்கப்பறமும் எங்க சின்னாத்தா ஒருத்தி ஒப்பாரிய நிறுத்தல. ஆரம்பிச்சதைப் பாதியில உடக்கூடாதுன்னு முழுசாப் பாடிட்டுத்தான் கைகால் கழுவுனா. எல்லாத்துக்கும் சோறாக்கிப் போட்டது எங்கூட்டுக்காரி. அதுக்கு இன்னும் என்னைய வஞ்சுட்டுத்தான் இருக்கறா.

இதெல்லாம் எனக்கு அப்பறம் தெரிஞ்சதுங்க. நான்தான் கண்ணை மூடி செத்திருந்தனே.

அந்தச் சத்தத்துலயே ஒருத்தன் மட்டும் நேரா பெஞ்சுகிட்ட வந்துட்டான். பூபேசு அவனைத்தான் ஈரோட்டு நாடகக்காரருன்னு நெனச்சு, வாங்க வாங்கன்னு வழி உட்டு, கேமராவ ஓட்டச் சொல்லிட்டான். என்ற நெஞ்சு மேல மாலை உழுந்துச்சு. அதுக்கு மேல ஒரு ஆளு உழுந்தான். வேர்வ வாசனை வந்ததுமே எனக்குத் தெரிஞ்சு போச்சு. சின்னதுல ஒரே பாயில படுத்தவனுங்க, தெரியாதா? தங்கமுத்துதான்.

"அண்ணா, பத்திரிகையில உன்ற பேர உட்டது நாந்தாண்ணா. பிரஸ்காரன் மேல பழியப் போட்டேன். ஏதோ ஒரு வீம்புண்ணா. நீ வந்து சட்டையப் புடிச்சு ரெண்டு சாத்துவேன்னு பாத்துட்டு இருந்தேன். நீ வரவே இல்லை. அதுக்குன்னு, நீ செத்த போஸ்டர்ல எம் பேர உட்டுட்டயேண்ணா. சாகறப்பக்கூட, அவம் பேரப் போடாதீங்கன்னு சொல்லிட்டுத்தான் செத்தயா? உனக்குக் கூடப் பொறந்தவன் நானொருத்தன் இருக்கறது ஊருக்குத் தெரிய வேண்டாமா?"

அப்படியே வார்த்தைக்கு வார்த்தை இதைத்தான் சொன்னான். நான் அசையலீங்க. அதைக் கவனியுங்க. கூடப் பொறந்தவன் நெஞ்சு மேல உழுந்து கதறுறான், நான் ஒரு வெரல அசைச்சனா? மூச்சை அடக்கிட்டுக் கம்முனு கெடந்தேன். அன்னிக்கு எனக்கு இருந்த தெறமை எந்த நடிகனுக்கும் வராது. ரோலு கைக்கு வந்துருச்சுன்னு உள்ளுக்குள்ள நெனச்சுக்கிட்டேன்.

அப்பத்தான் கண்ணோரத்துல கொஞ்சூண்டு தண்ணி வந்துருச்சு. அழுகையில்லீங்க. அவன் போட்டது சம்பங்கி மாலை. எனக்குச் சம்பங்கி ஒத்துக்காது, கண்ணுல நீர் கட்டிரும். எங்கூட்டுக்காரி, வருசம் பூராப் பந்தலுக்குச் சம்பங்கிதானே கட்டறீங்க, அப்பெல்லாம் வராத தண்ணியாங்கறா. அவளுக்கு என்ன தெரியும்?

தங்கமுத்து துண்டுல தொடைச்சு உட்டான். மறுக்காவும் வந்துச்சு. மறுக்காவும் தொடைச்சான். மூணாவது தடவைதான் அவனுக்கு ரோசனை வந்திருக்குது. அழுகைய நிறுத்திட்டான். அப்பறம் மூக்குல இருந்த பஞ்சைப் புடுங்குனான், எனக்குத் தும்மல் வந்துருச்சு. அவ்வளவுதான், அந்த மாலையக் கழட்டி அதாலயே என்னைய அடிச்சான் பாருங்க, குடோன் வாசல் பூராச் சம்பங்கி. அடிச்சு ஓஞ்சு, என்ற சேருலயே உக்காந்து, செத்ததுக்கு அழுததவிட எச்சா அழுதான். நான் என்ன பண்றது? தாடைக் கட்டோட எந்திரிச்சுப் போயி பக்கத்துச் சேருல உக்காந்தேன். டீ குடிக்கறயான்னு கேட்டேன். அத்தனை வருசம் கழிச்சு நாங்க பேசுன மொத பேச்சு அதுதான்.

பூபேசுக்குக் கால் தரையில நிக்கல. மாமா, தம்பி பிரமாதம்னான். அப்ப நானுன்னேன். பொணம் அழுதா எப்படி மாமா எடுக்கறதுன்னான். செத்தவனுக்கும் தம்பிய நெனச்சு ஒரு வெசனம் இருக்கக்கூடாதா, புதுமாதிரி இருக்கும்டான்னு வாதாடிப் பாத்தேன். ஒத்துக்கல. ரோலு போச்சு. தங்கமுத்தை மட்டும், ஈரோட்டுக்காரரு வேண்டாம், அந்தத் தம்பி ரோலுக்கு நீங்களே வந்துருங்கன்னு கெஞ்சறான். அதுக்கு இவன் சொல்றான் கேளுங்க.

"ஒருக்கா அழுததே போதும் சாமி. எங்கண்ணன் படுத்துக் கெடக்கறதை மறுக்காப் பாக்க என்னால ஆகாது. வேணும்னா நான் படுத்துக்கறேன்."

பாத்தீங்களா? ஹீரோ ரோலைத் தட்டிப் பறிக்கறதுக்கு எப்படி நைசா வார்த்தை பேசறான்னு பாத்தீங்களா? பூபேசு படுக்க வெச்சுப் பாத்தான், மரக்கட்டை மாதிரி கெடக்கறான். அவன் சின்னதுல இருந்தே அப்படித்தான், தண்ணி பாச்சற நேரத்துல வரப்புலயே தூங்கிருவான். ரோலு அவனுக்கு, அழுகற ரோலு எனக்குன்னு ஆயிப்போச்சு. நான் அண்ணன், செத்தவன் தம்பின்னு கதைய மாத்திட்டாங்க. அவன் அடுத்த நாளே தலைக்கு டை அடிச்சுட்டு வந்து நிக்கறான். பொணத்துக்கு எதுக்குங்க டை? முத்தூர் பூராச் சொல்லி வேற வெச்சிருக்கான்.

நேத்து ரிகர்சல் வெச்சாங்க. எனக்கு அழுகை வரல. அவன்ற மூஞ்சிய நெனச்சாலே சிரிப்புத்தான் வருது. வெங்காயம் வெச்சாங்க, தைலம் தேச்சாங்க, ஒண்ணும் ஆகல. பெஞ்சுகிட்டப் போயி நின்னேன். படுத்திருந்தான். மூக்குல பஞ்சு, தாடைக் கட்டு. ஈ ஒண்ணு ஒதட்டு மேல உக்காந்து நடக்குது, ஒதறல. நெஞ்சு மேல கீழ போகுதான்னு பாத்தேன், போகல. நல்லாக் குனிஞ்சு பாத்தேன், போகலீங்க. அவன் தோளைப் புடிச்சு, எந்திரிடா தங்கம், எந்திரிடா, எந்திரின்னு உலுக்கோ உலுக்குன்னு உலுக்கிட்டேன். பெஞ்சே சாஞ்சு போச்சு. அவன் கண்ணைத் தொறந்து, அண்ணா, இது வசனத்துல இல்லியேண்ணாங்கறான்.

தப்பு அவனுதுங்க. நீங்களே நாயம் சொல்லுங்க. பொணம்னா கம்முனு படுத்திருக்கோணும், அதுக்காக மூச்சே உடாமயா கெடப்பாங்க? பாக்கறவன் என்ன நெனப்பான்? அதெல்லாம் ஓவர் ஆக்டிங்கு. திங்கக்கெழம சூட்டிங்கு, அன்னிக்கும் இதே மாதிரி பண்ணுனான்னா என்னால ஆகாது. அதுக்குத்தான் இப்ப முத்தூருக்குப் போறேன். அவன்ற ஊட்டுக்குள்ள கால வெக்கறது கல்யாணப் பத்திரிகைக்கு அப்பறம் இன்னிக்குத்தான். அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க, சோலியாத்தான் போறேன். இந்த ரோலு வேண்டாம், உட்டுருடான்னு சொல்லப் போறேன். அடம் புடிப்பான். புடிச்சாலும் சரி, படத்துலகூட அவன் அப்படிப் படுக்க வேண்டாம். நானே படுக்கலாம்னாலும் அவன் ஆகாதுங்கறான். ரெண்டு பேருக்கும் ஆகாத ரோலு எதுக்குங்க எங்க குடும்பத்துக்கு? வேற யாராச்சும் வெளியாளு படுத்துக்கட்டும்.

ஏனுங்க, உங்களைத்தான். காங்கேயத்துல ஏறுனதுல இருந்து பாக்கறேன், நீங்க ஒரு வார்த்தை பேசல, அக்கட்ட இக்கட்ட அசையல, பொறுமையா உக்காந்திருக்கீங்க. மூஞ்சியும் நல்லாக் களையா இருக்குது. பெரிய வேலையெல்லாம் ஒண்ணுமில்லீங்க, அழுகறதெல்லாம் நான் பாத்துக்கறேன். திங்கக்கெழம உங்களுக்குச் சோலி ஏதாச்சும் இருக்குதுங்களா?